மூலைத் துண்டு

நீங்கள் இரண்டு பேரும் போனில் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். "ஏம்ப்பா, அந்த சோபாவை அந்தக் கொச்சிக்காரம்மாவுக்குக் குடுக்க மாட்டேன்னுட்டீங்களாமே?" போனில் சொல்ல எனக்கு வரவில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் போகிறது, இல்லாவிட்டால் தொண்டை போகிறது. அதனால் எழுதுகிறேன். பத்தாங்கிளாஸோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த சோபா நம் வீட்டுக்கு வந்தபோது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவன் கைக்குழந்தை. அதனால் அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

அந்த நாளில் நான் வருஷத்தை இரண்டாகப் பிளந்து வாழ்ந்தவன். தை தொடங்கி வைகாசி வரைக்கும் நம் ஊர் முதலமடையில் மாங்காய் லோடு ஓட்டுவேன். மாங்காய் முடிந்து மழை இறங்கினால் மலைமேல் ஆனைக்கரைக்குப் போய்விடுவேன், அங்கே ஏலத்தோட்டத்தில் ஜீப். உங்க அம்மா அந்தத் தோட்டத்தில்தான் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய் மற்ற காய்களைப் போல மேலே தொங்காது. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். எடுக்கிறவர்கள் தூருக்குத் தூர் உட்கார்ந்தபடியே நகர வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் முழுசாக நிமிர்வது. நான் மாமரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன். உங்க அம்மா தரையைப் பார்த்து வளர்ந்தவள்.

பெரியவள் வயிற்றில் இருந்தபோது அவளால் அப்படிக் குத்துக்காலிட முடியவில்லை. கங்காணி இரக்கப்பட்டு முதலாளி பங்களாவைக் கூட்டிப் பெருக்கப் போட்டார். அங்கேதான் அதை முதலில் பார்த்தாள். வெளிநாட்டில் படித்த பழைய முதலாளி ஒருவர் கப்பலில் வரவழைத்ததாம். ஐந்து துண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொக்கி மாட்டினால் ஒரே சோபா. செங்காவி நிறத் துணி, உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக. கால் கிடையாது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும்.

"அட்டைப்பூச்சி குடிச்சிட்டு உப்பிக் கெடக்கும்ல, அது மாதிரி கெடக்குங்க அங்கிட்டு," என்றாள் என்னிடம். "யாரும் இல்லாதப்ப ஒரு வாட்டி உக்காந்து பாத்தேன். எந்திரிக்க மனசே இல்ல."

"முதலாளி பாத்திருந்தா?"

"எந்திரிச்சிருப்பேன்ல."

அதற்கப்புறம் ஆறு வருஷம் அவள் அதில் உட்காரவில்லை. ஆனால் ஜீப்பில் பங்களா வழியாகப் போகும்போதெல்லாம் அவள் தலை அந்த ஜன்னல் பக்கம் திரும்பும். நான் பார்த்திருக்கிறேன். புடவை கேட்டவள் இல்லை, நகை கேட்டவள் இல்லை. இதையும் கேட்கவில்லை. தலை மட்டும் திரும்பும்.

பிறகு தோட்டம் கை மாறியது. புது முதலாளி பங்களாவை டூரிஸ்ட் தங்கும் இடமாக மாற்றினார். வருகிறவர்களுக்குப் பிரம்பு நாற்காலி, ஈட்டிமரக் கட்டில் என்று பழமையாகத் தெரிகிற சாமான்தான் வேண்டுமாம். இந்தக் காலில்லாததைத் தூக்கி, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் வெளிவாசலில் போட்டுவிட்டார்கள். ஈரக் காற்றில் இரண்டு வாரம் கிடந்தது. நான் போய்க் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போப்பா, எடம் காலியானா சரி," என்றார்.

நாங்கள் ஊருக்கு இறங்குகிற நேரம் அது. எங்க அப்பா எனக்கென்று விட்ட ஒரு ஏக்கர் மாந்தோப்பைப் பார்க்க ஆள் இல்லை. போடிக்கு ஏலக்காய் கொண்டுபோகிற பிக்கப்பில் மூட்டைக்கு மேலே ஐந்து துண்டையும் கட்டினேன். போடிமெட்டுச் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பங்களா சாமான் என்றதும் ஈட்டிமரம் கடத்துகிறோம் என்று சந்தேகம்.

"இதெந்தா சேட்டா?"

"சோபாங்க சார்."

"மரம் எவிடே?"

"மரமே இல்லீங்க சார்."

அவர் குத்திப் பார்த்தார், கை உள்ளே போனது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் குத்தினார். ஆணி இல்லை, பலகை இல்லை, எல்லாம் ஸ்பாஞ்ச். கடைசியில் ஒரு துண்டைக் கீழே இறக்கி ஒருவர் உட்கார்ந்தே விட்டார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கை நீட்டினார். உங்க அம்மா முன் சீட்டில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

முதலமடையில் அது கேலிப்பொருள் ஆனது. என் பெரியப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வெள்ளை வேட்டி, வெண்கலக் குரல். வந்த முதல் நாளே கம்பீரமாக உட்காரப் போய் முதுகுவரை உள்ளே இறங்கிவிட்டார். "ஏந்தம்பி, இதுக்குள்ள எறங்கறதுக்கு ஏணி எங்க வெச்சிருக்கறே?" என்றார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகள் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுப் போனார்கள். உங்க அம்மாவுக்கு மட்டும் அதில் உட்கார்வதும் எழுவதும் ஒரு வேலையே இல்லை. தரைக்கு ஒரு ஜாண் மேலே உட்கார்வது அவள் பிழைப்பு. வெங்காயம் உரிப்பது, உங்களுக்குத் தலை வாருவது, டிவி, எல்லாம் அந்த மூலைத் துண்டில்தான். இரண்டு பக்கமும் முதுகு உள்ள துண்டு அது ஒன்றுதான்.

கடைசி நாலு மாதம் அவள் படுத்ததும் அதில்தான். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டபின் நேராகப் படுத்தால் மூச்சு முட்டியது. கட்டிலில் தலையணை அடுக்கிப் பார்த்தோம், சரிந்துவிடும். மூலைத் துண்டில் இடப் பக்கமாகச் சாய்ந்தால்தான் தூக்கம் வரும். நான் பக்கத்துத் துண்டில் உட்கார்ந்திருப்பேன். மாசி மாதம் ஒரு விடியக்காலை, காபி ஆற்றிக்கொண்டு வந்தேன். அப்படியேதான் சாய்ந்திருந்தாள்.

அன்றைக்கு நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. பெரியவள் உள்ளே பொம்பளைகள் நடுவே மயங்கிக் கிடந்தாய். சின்னவனுக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோவில் பார்த்தாய். எடுக்கிற நேரத்தில் பங்காளிகள் வழக்கப்படி அவள் படுத்த பாய், தலையணையை வெளியே கொண்டுபோனார்கள். படுக்கை வீட்டில் தங்கக் கூடாது, கூடவே போய்விட வேண்டும். அப்போது பெரியப்பா மூலைத் துண்டைக் காட்டி, "அதையும் வண்டில ஏத்துங்கப்பா," என்றார்.

கட்டிலில் இறந்திருந்தால் கட்டிலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கழுவி வெயிலில் போட்டிருப்பார்கள். இதற்குக் கால் இல்லை. நம் ஆட்களுக்குக் காலில்லாததெல்லாம் பாய்தான். இரண்டு பேர் கொக்கியைக் கழற்றித் தூக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "அது சோபாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆசைப்பட்டது அவளோடு போய்விட்டது, நல்லதுதான் என்று. ஒரு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் கொச்சியிலிருந்து அந்தம்மா வந்தாள். பெரியவளே, நீ எப்போதோ நெட்டில் போட்ட நம் வீட்டுப் படத்தில் சோபாவைப் பார்த்துவிட்டு உன்னிடம் விலாசம் வாங்கி வந்தவள். பழைய சாமான் சேர்க்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது தொழிலாம். வாசலில் செருப்பைக் கழற்றினவள் நேராகப் போய்த் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். நான் பயந்துபோனேன். போன் வெளிச்சத்தில் அடித்துணியில் தைத்த கம்பெனிச் சீட்டைப் பார்க்கிறாள்.

"அங்கிளே, இது என்னாண்ணு தெரியுமோ?"

"சோபாங்க."

அவள் சிரிக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தி வெளிநாட்டில் சில பேர், உட்காரும் சாமான் என்றால் கால் வேண்டும், சட்டம் வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும் என்கிற பழக்கத்தையே உதறிவிட்டுச் செய்தது என்றாள். உள்ளே கெட்டி, நடுத்தரம், மெது என்று மூன்று தரம் ஸ்பாஞ்ச், அதன் பலத்தில்தான் நிற்கிறதாம். இந்த மாதிரி இந்தத் துணியோடு எங்கேயும் அதிகம் மிஞ்சவில்லையாம். சொல்லிக்கொண்டே எண்ணினாள்.

"நாலுதான் உண்டு. மூலை பீஸ் எங்கே?"

"போயிருச்சுங்க."

"எங்கே போயி?"

"எங்க ஊட்டம்மாகூடப் போயிருச்சுங்க."

அவள் ரொம்ப நாசூக்காக, "அவங்க இப்போ வேற வீட்டில தனியா தாமசிக்கிறாங்களா? நம்பர் தந்தா நான் சம்சாரிக்கலாம், அங்கிள் பேச வேண்டா," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விவரத்தைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. பிறகு மெதுவாக, "அங்கிளே, ஸ்பாஞ்ச் விறகு மாதிரி எரியாது. உருகும், கரும்புகை வரும். யாரும் அதைச் சிதையில வெச்சிருக்க மாட்டாங்க. ஒண்ணு விசாரிச்சுப் பாருங்க," என்றாள். மூலைத் துண்டு கிடைத்தால் கேட்டதைத் தருவதாகவும் சொன்னாள். அது என் காதில் சரியாக ஏறவில்லை. எரியவில்லை என்றால் எங்கே இருக்கிறது? அவள் சாய்ந்திருந்தது எங்கேயோ வெயிலில் கிடக்கிறதா? அந்தம்மா போய் அரை மணி ஆகவில்லை, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன்.

அங்கே வேலை பார்க்கிறவர் என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கேட்டதும் தலையைத் தொங்கப்போட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. பாயி, தலகாணி எல்லாம் வெச்சனுங்க. அத வெச்சா பொகை கருகருன்னு வருமுங்க. அம்மாவ அந்தப் பொகைல விட எனக்கு மனசில்ல. ஓரமாப் போட்டுட்டனுங்க. ரெண்டு நாளு கழிச்சு மாங்கா ஷெட்டு வண்டி போச்சு, கேட்டாங்க, எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

"எந்த ஷெட்டுங்க?"

"அது தெரியலீங்க. சிவப்பு வண்டி."

முதலமடையில் சிவப்பு வண்டியைத் தேடுவது கடலில் உப்புத் தேடுகிற மாதிரி. ஆனால் ஷெட்டுகள் எல்லாம் நான் லோடு ஏற்றின ஷெட்டுகள்தானே. இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள், ரயில்வே கேட் தாண்டி இருக்கிற ஒரு ஷெட்டில், பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சாக்கின் மேல். நடுவில் ஒரு அம்மா மட்டும், ஐம்பது வயது இருக்கும், என் மூலைத் துண்டின் மேல் உட்கார்ந்து மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

துணியெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. மடிப்புக்குள் வைக்கோல். ஆனால் அதேதான்.

"ஏனுங்கண்ணா, காயி வேணுங்களா? மொதலாளி இல்லீங்க," என்றாள்.

"காயி வேண்டாங்க. நீங்க உக்காந்திருக்கறது..."

"இதுங்களா? இதுக்கென்னங்க?"

செத்தவள் படுக்கை என்று சொன்னால் அடுத்த நொடி எழுந்து என் மேலேயே தள்ளிவிடுவாள். சும்மாவே கிடைக்கும். ஆனால் ஒரு வருஷம் அதில் உட்கார்ந்து சோறு தின்றவளிடம் அதை எப்படிச் சொல்வது? வேறு விதமாகப் பேசிப் பார்த்தேன். "எங்கிட்ட இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்க. சுத்தமா, நல்லா இருக்குது. அதக் கொண்டாந்து தர்றேன், இத எனக்குக் குடுங்க."

அவள் கையில் இருந்த காயைக் கீழே வைத்தாள். "நல்லத என்ற கைல குடுத்துப்போட்டு, பாலு புடிச்சத நீங்க எடுத்துக்கறீங்களா? ஏனுங்க, இதுக்குள்ள என்ன வெச்சுத் தெச்சிருக்குது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அக்கா, கிழிச்சுப் பாத்துட்டுக் குடு," என்றாள். வேறு வழியில்லாமல் அருகே போய்க் குனிந்து, தணிந்த குரலில் சொன்னேன்.

அவள் எழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சுடுகாட்டுல இருந்து வந்துதுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. டிரைவரு சொன்னான். இவளுக எல்லாம் தொட மாட்டேன்னாளுக. எனக்கு நடு இடுப்பு வலிங்கண்ணா, சாக்குல உக்காந்தா எந்திரிக்க முடியாது. செத்தவங்க என்னைய என்னங்க பண்ணப் போறாங்க? யாருங்க அது?"

"எங்க ஊட்டம்மாதானுங்க."

இப்போது எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எடது கைப் பக்கமாச் சாஞ்சு படுப்பாங்களாட்ட இருக்குதுங்க."

"எப்படித் தெரியுங்க?" என்றேன்.

"அந்தப் பக்கம் பள்ளமாவே இருந்துச்சுங்க, வந்தப்பவே. அதுல உக்காந்தா காயி எடுக்க வாட்டமில்ல. நான் இந்த ஓரத்துலயே உக்காந்துக்குவேன். அதுல தண்ணி பாட்டில வெச்சுக்குவேன், சாயாதுங்க." குனிந்து பாட்டிலை எடுத்தாள்.

பள்ளம் அங்கே இருந்தது. தோள் ஒன்று, இடுப்பு ஒன்று.

மறுநாள் பக்கத்துத் தோப்புக்காரர் வண்டியில் நேர்த்துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். "கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க. பரவால்லைங்க, பழகிக்கும்," என்றாள். மூலைத் துண்டை வண்டியில் ஏற்ற அவளும் ஒரு கை பிடித்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரியப்பா காதுக்குச் செய்தி போய்விட்டது. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே, "போனதைத் திருப்பிக் கொண்டாரலாமா தம்பி? எவனாச்சும் செய்வானா?" என்றார். "காபி குடிக்கறீங்களா பெரியப்பா?" என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது அது.

கொச்சியம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. ஒரு நேர்த்துண்டு மாங்காய் ஷெட்டுக்குப் போய்விட்டது என்றதும், "ஈஸ்வரா! அதில மாங்காப் பால் படுமே!" என்று கத்தினாள். பிறகு, அந்தப் பெண்ணுக்குத் தானே நல்ல நாற்காலி வாங்கித் தந்து அதையும் மீட்டுக்கொள்ளலாம் என்று அவளே ஏற்பாடும் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் அங்கிளே. அந்த மூலை பீஸில குழி விழுந்திருக்கு. கவலைப்பட வேண்டா. பழைய ஸ்பாஞ்ச் எடுத்துட்டுப் புதுசு வெப்போம். துணியும் கழுவிடலாம்."

"குழி போயிருமுங்களா?"

"கம்ப்ளீட்டாப் போயிடும்! யாரும் உட்காராத மாதிரி ஆயிடும்."

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து அதை இரண்டு தரம் சொன்னாள். நல்ல பெண்தான், அவள் தொழில் அது. நான் அப்போதே, "இல்லீங்க, குடுக்கறதா இல்லீங்க," என்றுவிட்டேன். "குழியோட எடுத்தாலோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "வேண்டா அங்கிளே, நான் சொன்னது தப்பு," என்றாள். போனை வைக்கும் முன், ஒரு நாள் வந்து சும்மா பார்த்துவிட்டுப் போகலாமா என்றாள். வாருங்கள் என்றேன்.

விற்கவில்லை என்பதற்குக் காரணம் இவ்வளவுதான். வீட்டை ஒழிக்க வேண்டும், நான் கோயமுத்தூர் வந்து உன்னோடு இருக்க வேண்டும் என்று பெரியவள் சொல்வது சரிதான். வருகிறேன். மற்ற சாமானையெல்லாம் கொடுத்துவிடலாம்.

மாம்பாலை முடிந்தவரை துடைத்தேன். அவள் வாசனை எதுவும் இல்லை, மாங்காய் வாசனைதான். பள்ளம் மட்டும் இருக்கிறது. நான் அதில் இன்னும் உட்காரவில்லை. எனக்கு உடம்பு கனம், ஒரு நாள் படுத்தால் போதும், அது என் பள்ளம் ஆகிவிடும். பக்கத்துத் துண்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சில சமயம் கையை மட்டும் தோள் இருந்த இடத்தில் வைப்பேன். விரல்வரைக்கும் சரியாக உள்ளே போகும்.

சின்னவனே, உனக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். நீ அவளைக் கடைசியாகப் போனுக்குள்தான் பார்த்தாய். இந்த ஸ்பாஞ்ச் வயதானது, மடிப்பைத் தட்டினால் மஞ்சள் பொடியாகக் கொட்டுகிறது. ரொம்ப நாள் தாங்காது என்று கொச்சியம்மாவும் சொன்னாள். மழைக்கு முன்னால் லீவு கேட்டுப் பார், சாமி. பத்து நாள் இல்லாவிட்டால் நாலு நாள் போதும். வந்து உன் கையையும் ஒரு தரம் வைத்துப் பார்.